குலைவாழை கட்டிய சைக்கிள் பாதை

பெருநகரங்களில் சைக்கிளுக்கென்றே கூரை போட்டு, இரண்டு பக்கமும் அடைத்த பாதைகள் கட்டலாமா என்று ஒருமுறை செய்தித்தாளில் பெரிய கட்டுரை வந்திருந்தது. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பதிலாக ஆயிரக்கணக்கான பேர் மழை படாமல், வெயில் படாமல், மிதித்துக்கொண்டே வேலைக்குப் போய்விடலாமாம். இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று நிபுணர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று வாதாடியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அப்படி ஒரு பாதையில் ஓர் ஆடி மாதம் முழுக்க வேலைக்குப் போனவள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருக்கும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அப்போது எங்கள் வீடு கொல்லயில் என்ற ஊரில். நெய்யாற்றின்கரையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நான் புதிதாக நர்ஸாகச் சேர்ந்திருந்தேன். பயிற்சிக் காலம், வேலை இன்னும் உறுதியாகவில்லை. காலை ஏழு மணிக்கு நான் போய் நின்றால்தான் இரவெல்லாம் விழித்திருந்த நர்ஸ் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போக முடியும். அவர் பொழியூர்ப் பக்கம் கடற்கரையைச் சேர்ந்தவர்; அக்கா என்பதற்கு மலையாளத்தில் சேச்சி, அப்படித்தான் கூப்பிடுவேன். கணவர் கடலுக்குப் போகிறவர். வீட்டில் பால்குடி மாறாத குழந்தை. நான் தாமதமாக வந்தால் சேச்சி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பால் கட்டி நனைந்துபோன மார்பைத் துண்டால் மறைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நிற்பார். நாலு வார்த்தை திட்டித் தொலைத்தால் தேவலையே என்று இருக்கும்.

அது ஐம்பதுகளின் எல்லைப் போராட்டக் காலம். திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம், சேர்க்கவே கூடாது என்று ஒரு பக்கம். பாறசாலை, குளத்தூர், கொல்லயில் எங்கும் இதே பேச்சு. சில வீடுகளில் அடுக்களை ஒரு கட்சி, முற்றம் ஒரு கட்சி. நாங்கள் தமிழில் சண்டையை ஆரம்பித்து மலையாளத்தில் சமாதானம் ஆகிறவர்கள். எந்தப் பக்கம் போனாலும் பாதிப் பேச்சை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஊர் எந்த மாநிலத்தோடு சேரும் என்று எல்லாரும் கவலைப்பட்டார்கள். நான் ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேருவேனா என்று கவலைப்பட்டேன்.

பெரிய சாலையில் ஊர்வலம், கல்வீச்சு, போலீஸ் சோதனை, அது முடிந்தால் ஹர்த்தால். பஸ் ஒரு நாள் வந்தால் நாலு நாள் வராது. ஆனி கடைசியில் அடியோடு நின்றுவிட்டது. நான் இருட்டில் கிளம்பி மழையில் நடந்து பார்த்தேன். காலில் தோல் உரிந்ததுதான் மிச்சம், அப்படியும் தாமதம். மேட்ரன் அம்மா என்னைக் கூப்பிட்டு, பஸ் ஓடாதது உன் குற்றம் இல்லை, ஆனால் பிரசவ வலியில் கிடக்கிறவளிடம் ஹர்த்தால் என்று சொல்ல முடியாது, இனி ஒரு நாள் தாமதமானால் வேறு ஆளை எடுத்துக்கொள்வேன் என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் கோபம் இரட்டிப்பாக வந்தது.

வேலைக்குப் போகிற ஆண்களெல்லாம் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். பெரிய சாலையை விட்டுவிட்டு உள்வழியைப் பிடித்தார்கள். உள்வழி என்பது பெரும்பாலும் இடவழி. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண் கையாலை, மேலே மரங்கள். நடுவே பள்ளத்தில் ஓடும் ஒற்றைப் பாதை. அதில் யார் போகிறார், யார் வருகிறார் என்று வெளியே தெரியாது. சிக்கல் இடையில் வரும் ஏலாவில்தான். ஏலா என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் பரந்த வயல்வெளி. அதன் குறுக்கே இரண்டு பர்லாங் நீளத்துக்கு ஒரு வரம்பு. ஆடி மழையில் அந்த வரம்பு களிக் கஞ்சியாகிவிடும். மேற்கிலிருந்து காற்று வந்து அடித்தால் சைக்கிளும் ஆளும் நெல்லுக்குள் கிடப்பார்கள். இஸ்திரி போட்ட வேட்டியோடு கிளம்பிய குமாஸ்தாக்கள் நாற்று நட்டவர்களைப் போல ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஏலாவின் கரையில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரரை நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம். பஸ் நின்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்க கடையில உள்ள சைக்கிளு எல்லாத்தையும் சேத்தா ஒரு பஸ்ஸாக்கும் என்று வந்தவரிடமெல்லாம் சொல்லுவார். முன்னால் ஒருவர், நடுவில் ஒருவர், கேரியரில் ஒருவர் என்று கணக்குப் போட்டால் பஸ்ஸைவிட அதிகம், அதுவும் டிரைவர் கண்டக்டர் தகராறு இல்லாமல் என்பது அவர் வாதம். அந்த ஏலா மட்டும் குறுக்கே கிடக்காவிட்டால் நெய்யாற்றின்கரை வரைக்கும் சைக்கிளே ராஜா என்பார்.

அண்ணனுக்கு ஒரு மச்சினன். கல்யாணங்களுக்குப் பந்தல் போடுகிறவர். ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மலையாளத்துக் கர்க்கடகமும் அதே மாதம், அவர்களும் வைக்க மாட்டார்கள். இரண்டு மொழியிலும் வேலை இல்லாமல் மச்சினன் கடைத்திண்ணையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கமுகங்கால்களும் மூங்கிலும் கயிறும் முடைந்த ஓலையும் கொட்டகையில் கரையானுக்குக் காத்துக் கிடந்தன. அண்ணன் ஒரு நாள் மழையைப் பார்த்தார், ஏலாவைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். வரம்பு நெடுக ஒரு பந்தல் போட்டால் என்ன என்று கேட்டார். மச்சினன் ஒரே நிபந்தனை வைத்தார். ஆவணி பிறந்து முதல் கல்யாணம் வந்தால் பந்தல்கால்களை உருவிவிடுவேன், அதற்கப்புறம் அழக் கூடாது.

சைக்கிள் வைத்திருந்த எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். வரம்பில் தேங்காய்த் தொண்டு, உரித்த மட்டையைத்தான் சொல்கிறேன், பரப்பி மேலே சரல் கொட்டி இடித்தார்கள். ஓலை போதாமல் வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கினார்கள். மச்சினன் கால்களை நட்டு, கூரை போட்டு, சாரல் அடிக்குமே என்று இரண்டு பக்கமும் ஓலைத் தட்டி வைத்து அடைத்தார். தட்டிக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி, வெளிச்சத்துக்கு. சைக்கிளில் இருப்பவரின் தலைக்கு மேல்தான் அந்த இடைவெளி வரும். ஆக, இடவழியிலிருந்து நேரே பந்தலுக்குள் நுழைந்து, பந்தலிலிருந்து நேரே அடுத்த இடவழிக்குள் போய்விடலாம். ஒரு சொட்டு மழை படாது. ஒரு கண்ணும் படாது.

எல்லாம் முடிந்ததும் மச்சினன் இரண்டு முனையிலும் குலை தள்ளிய வாழையை வெட்டிவந்து கட்டினார், குருத்தோலை தொங்கவிட்டார். சைக்கிள் போகிற வழிக்கு எதற்கு ஐயா வாழை என்று அண்ணன் கேட்டார். வாழை கட்டாத பந்தல் சாவு வீட்டுப் பந்தல், அதற்கடியில் ஒருத்தனும் நுழைய மாட்டான் என்று மச்சினன் அடித்துச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். எங்களில் ஒருவருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. அந்த வாழையால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

இனி என் கதை. அண்ணன் கடைச் சுவரில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எவரோ ஓர் அதிகாரியின் மனைவி ஊரை விட்டுப் போகும்போது விட்டுப்போனது. பின்சக்கரத்தில் துணி மாட்டாமல் இருக்க வலை கட்டியிருக்கும். நான் கடையைத் தாண்டும்போதெல்லாம் அதைப் பார்ப்பதை அண்ணன் கவனித்திருக்கிறார் போலும். சும்மா தூங்குத சைக்கிளு, நீ எடுத்துக்கோ மக்கா என்றார். எங்கள் பக்கத்தில் அதுவரைக்கும் ஒரு பெண்ணும் சைக்கிள் ஓட்டியதில்லை. மாட்டு வண்டியில் போவார்கள், கணவனின் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவார்கள், அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னதும் அம்மை உலக்கையைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா இல்லாத வீடு. கொஞ்சம் தென்னையும் கொஞ்சம் வயலும் வைத்து என்னை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தவள் அவள். வேலையும் போகக் கூடாது, சைக்கிளும் கூடாது என்றாள். அப்படியானால் பறந்துதான் போக வேண்டும் என்றேன். அவளுடைய பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஏலாவைப் பார்த்தபடி, சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை, எங்கள் பேச்சில் சாயக்கடை. பெண் கேட்டு வருகிற எந்த வெளியூர்க்காரரும் முதலில் அங்கே சாயா குடித்துவிட்டு, இன்ன வீட்டுப் பெண் எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் எங்கள் இடவழிக்குள் கால் வைப்பார். அங்கே என்ன சொல்கிறார்களோ அதுதான் பெண். ஜாதகமெல்லாம் அதற்கப்புறம்.

மறுநாள் சாயங்காலம் அம்மை தீர்ப்புச் சொன்னாள்.

"இடவழியில சைக்கிளு சவுட்டு. பந்தலுக்குள்ளயும் சவுட்டு. தட்டிக்கு வெளிய ஒனக்க சக்கரம் தெரிஞ்சுதுண்ணா, பின்ன நீ இந்த வீட்டுக்கு வராண்டாம்."

நெய்யாற்றின்கரையில் என்ன செய்வது என்று கேட்டேன். அங்க உள்ளவனுவ நம்மகிட்ட பெண்ணு கேட்டு வரமாட்டானுவ என்று சொல்லிவிட்டு மறுபடி உலக்கையை எடுத்துக்கொண்டாள்.

பந்தலுக்குள்தான் ஓட்டப் பழகினேன். முதல் நாளே விழுந்தேன், எங்கள் வீட்டு நெல்லின் மேலேயே விழுந்தேன். எப்படி என்றால், அந்த ஆடியில் ஏலாக்கரை முழுக்கத் தரை உலர்ந்த இடம் அது ஒன்றுதான். பந்தல் எழும்பிய மறுநாளே ஊர்ப் பெண்கள் பாயோடு வந்துவிட்டார்கள். ஒருத்தி மரச்சீனிக் கிழங்கு வற்றல் பரப்பினாள், ஒருத்தி நல்லமிளகு, ஒருத்தி புழுங்கல் நெல். சைக்கிளைத் தொடாதே என்று என்னைத் திட்டிய அம்மையும் சத்தமில்லாமல் ஒரு பாய் நெல்லைக் கொண்டுவந்து பரப்பியிருந்தாள். நான் விழுந்து எழுந்தபோது காதிலெல்லாம் நெல். சாதத்தில் கல் கிடந்தால் இனி என்னைக் கேட்காதே என்றேன். நெல்லு சிதறிப்போச்சே என்றுதான் அவளுக்குக் கவலை. முழங்கால் சிராய்ப்பை அவள் பார்த்தது மறுநாள் காலையில்தான்.

பாயைத் தாண்டி ஆடுகள். ஆட்டைத் தாண்டி, மழைக்கு ஒதுங்கி நின்று அரசியல் பேசுகிறவர்கள். கூரை என்று ஒன்று கண்டால் எங்கள் ஆட்கள் அதன் கீழ் நின்று பேசாமல் இருக்க மாட்டார்கள். சைக்கிள் போகத்தான் இடமில்லை. அண்ணன் தொண்டை கிழியக் கத்தியும் நடக்கவில்லை. ஒரு வாரத்தில் அது பாதையா களமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதைத் தீர்த்துவைத்தது போலீஸ். கூட்டம் கூடத் தடை இருந்த நேரம். யாரோ போய், ஏலாவில் இரண்டு பர்லாங் நீளத்துக்குப் பந்தல் போட்டுக் குலைவாழை கட்டியிருக்கிறார்கள், பெரிய தலைவர் வருகிறார் என்று சொல்லிவிட்டார்கள். சப்இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். எந்தத் தலைவர், எத்தனை பேர் என்று மலையாளத்தில் விசாரித்தார். இது சைக்கிள் போகிற வழி என்று அண்ணன் சொன்னார். வழிக்கு யாராவது வாழை கட்டுவார்களா என்று அவர் கேட்டார். மச்சினன் முன்னால் வந்து சாவு வீட்டு விஷயத்தை விளக்கினார். சப்இன்ஸ்பெக்டரும் அதே வழக்கத்தில் பிறந்தவர்தானே. வாழையை முறைத்துப் பார்த்தார்.

அப்போது நல்ல மழை. அண்ணன் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்து, நீங்களே போய்ப் பாருங்கள் சாரே என்றார். சப்இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். போனவர் அந்த முனையில் திரும்பி வந்தார். ஒரு சொட்டு நனையவில்லை. முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து, அதை அடக்கிக்கொண்டார். பந்தல் இருக்கலாம், ஆனால் உள்ளே ஐந்து பேர் சேர்ந்து நின்றால் அது சட்டவிரோதக் கூட்டம், ஓடிக்கொண்டே இருந்தால் கேஸ் இல்லை என்று உத்தரவு போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அவ்வளவுதான். மறுநாள் பாய் போயிற்று, ஆடு போயிற்று, பேச்சு போயிற்று. நின்றால் கூட்டம், ஓடினால் போக்குவரத்து. நிபுணர்கள் எத்தனை விதிகள் போட்டாலும் இதைவிட நல்ல விதி கிடைக்காது என்பது என் அபிப்பிராயம். ஒரு போராட்டத்தை ஒடுக்கப் போட்ட தடையால் எங்கள் சைக்கிள் பாதை உருப்பட்டது.

பாதை ஒற்றை அகலம்தான். காலையில் எல்லாரும் வடக்கே, சாயங்காலம் எல்லாரும் தெற்கே. எதிர்த்திசையில் போக வேண்டியவர் முனையில் காத்திருக்க வேண்டும். முன்னால் ஒருவர் பிரேக் போட்டால் பின்னால் வரிசையாகச் சாய்வோம். மீன் கூடை கட்டிய சைக்கிள் கடைசியாகத்தான் நுழைய வேண்டும், ஏனென்றால் தட்டி அடைத்த இடத்தில் வாசனை வெளியே போகாது; மீன்காரர் முதலில் போய்விட்டால் அன்று ஆபீஸ் முழுக்க எல்லாரும் சாளைமீன் மணத்தோடு உட்கார்ந்திருப்போம். பீடிக்கும் அதே சட்டம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே பக்கமாக மிதிக்கும்போது உள்ளேயிருக்கும் காற்றும் கூடவே வரத் தொடங்கும். யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல இருக்கும். எதிர்க்காற்றில் முக்கி முக்கி மிதித்த கால்களுக்கு அது எவ்வளவு சுகம் என்று மிதித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கட்டுரையில் நிபுணர்கள் மழையைப் பற்றி எழுதியிருந்தார்கள், வேகத்தைப் பற்றி, செலவைப் பற்றி எழுதியிருந்தார்கள். தட்டியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஹர்த்தால் அன்று வேலைக்குப் போகிறவனைத் துரோகி என்பார்கள். போகாவிட்டால் மேலதிகாரி சீட்டைக் கிழிப்பார். ஆகவே ஹர்த்தால் நாட்களில்தான் எங்கள் பந்தலில் நெரிசல் அதிகம். ஒரு ஹர்த்தால் காலையில் எனக்கு முன்னால் போன முதுகு, முந்தின நாள் சந்தையில் மெகாபோனைப் பிடித்துக்கொண்டு ஹர்த்தாலை அறிவித்தவருடைய முதுகு. நான் மணி அடித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். சைக்கிளில் ஒரு பெண்ணை அவர் கண்டார், ஆபீசுக்குப் போகிற தலைவரை நான் கண்டேன். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பந்தலுக்குள் கண்டதைப் பந்தலுக்கு வெளியே பேசக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அது தானாகவே வந்தது. உள்ளே இருந்த எல்லாருக்கும் மறைக்க ஏதோ ஒன்று இருந்தது.

இப்படி ஆடி முடியும்வரை நான் ஒரு நாளும் தாமதமாகவில்லை. வார்டுக்குள் நுழையும்போது சேச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருப்பார். சில நாள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடுவார். மேட்ரன் அம்மா என் பாவாடை விளிம்பில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, மண்ணெண்ணெய் போட்டுத் துடை, போய்விடும் என்று மட்டும் சொன்னார். பயிற்சிக் காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

ஆடி கடைசியில் மச்சினன் வந்து நின்றார். குளத்தூரில் ஒரு கல்யாணம், ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தம், கால்களை உருவ வேண்டும். பஸ் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. மழையும் விடவில்லை. அண்ணன் கெஞ்சினார், சண்டை போட்டார், கடைசியில் கல்யாணத்தையே ஏலாப் பந்தலில் வைத்துக்கொள்ளட்டும், மாப்பிள்ளை சைக்கிளில் வரட்டும் என்றார். மச்சினன் அசையவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான். நாங்கள் சாயங்காலம் திரும்பும்போது பாதிப் பந்தல் இல்லை. இருட்டுவதற்குள் மீதியும் போயிற்று.

அன்று ராத்திரி சோறு போடும்போதே அம்மை தொடங்கினாள்.

"நாளைக்கு லீவு சொல்லு."

"லீவு சொன்னா வேலை போவும். பயிற்சி முடியதுக்கு இன்னும் கொஞ்ச நாளாக்கும்."

"போனா போட்டு. பஸ்ஸு வந்த பொறவு வேற வேலை பாப்போம்."

"பஸ்ஸு எப்ப வருமிண்ணு ஒனக்குத் தெரியுமா? நான் போவேன் அம்மா. எல்லாரும் பாக்கட்டும். எனக்கு அங்க ஆளு காத்து நிக்குது."

யார் என்று கேட்டாள். சேச்சியைப் பற்றி, அந்தக் குழந்தையைப் பற்றி, நனைந்த துண்டைப் பற்றிச் சொன்னேன். அதுவரை ஏனோ சொன்னதில்லை. வேலை, சம்பளம், மேட்ரன் என்றுதான் அவளிடம் வாதாடியிருந்தேன். அம்மை கையிலிருந்த அகப்பையைப் பானைக்குள் போட்டாள். செரி, நீ ஒனக்க பாட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பெற்றவளே இப்படி இருந்தால் சாயக்கடைக்காரர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் எழுந்தபோது அம்மை இல்லை. அடுப்பு மூட்டவில்லை. பழஞ்சோற்றில் தண்ணீர் ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டு சைக்கிளை எடுத்தேன். முகத்தில்கூட முழிக்கப் பிடிக்காமல் கோவிலுக்கோ அத்தை வீட்டுக்கோ போய்விட்டாள் என்று உறுதியாக நம்பினேன். இடவழி முழுக்க அவளோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே மிதித்தேன்.

இடவழியின் வாயில் இறங்கி நின்றேன். பந்தல் இருந்த இடத்தில் குழிகளும் தண்ணீரும். மச்சினன் கால்களை எடுத்தவர் வாழைகளை எடுக்கவில்லை. குலையை மட்டும் வெட்டிவிட்டு, இந்த முனையில் இரண்டு, அந்த முனையில் இரண்டு என்று அப்படியே விட்டிருந்தார். நடுவே ஒன்றுமில்லை, வரம்பும் வானமும்தான். தூறல். தொண்டும் சரலும் இடித்த தரை மட்டும் இன்னும் கெட்டியாக இருந்தது. ஒரு மாதம் உள்ளே இருந்து மிதித்த எனக்கு ஏலா இவ்வளவு பெரியது என்பதே மறந்து போயிருந்தது. பொய் சொல்லவில்லை, திரும்பிவிடலாமா என்று நினைத்தேன்.

பின்னால் மணி. எங்கள் கூட்டம் வந்துவிட்டது. குமாஸ்தாக்கள், மில்காரர்கள், மெகாபோன்காரர், கடைசியில் மீன்காரர். என்னைத் தாண்டிப் போனவர்களில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே முன்னால் பார்த்தபடி மிதித்துப் போனார்கள். பந்தல் போய்விட்டது, பந்தலின் மரியாதை இன்னும் போகவில்லை. மீன்காரர் மட்டும் நின்று, நீ முன்ன போ பிள்ளே, நான் கடைசி ஆக்கும் என்றார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியுமா? ஏறிவிட்டேன்.

வாழைகளைத் தாண்டியதும் காற்று பக்கவாட்டில் அடித்தது. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சாயக்கடைப் பக்கம் பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன்.

கடைவாசல் தெரியவில்லை. அப்பாவின் பெரிய கறுப்புக் குடை விரிந்து வாசலை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஏலாவுக்கு முதுகைக் காட்டியபடி, கால்களை அகல ஊன்றிக்கொண்டு அம்மை. வாழ்நாளில் அந்தக் கடைப்படி ஏறாதவள். பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றி, கிளாஸ் கழுவாததைப் பற்றி, ஒரு மாதத்துக்கு முன் ஆள் விட்டு வாங்கிய பலகாரத்தைப் பற்றி ஊரே கேட்கும் குரலில் கடைக்காரரை வறுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்க்க இந்தப் பக்கம் சாய்ந்தால் குடையும் இந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது.

நான் மணி அடித்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, திட்டுவதையும் நிறுத்தவில்லை. இடது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, சீக்கிரம் போ, சீக்கிரம் போ என்று ஆட்டினாள்.